பழைய காரில் பனிவிளக்கும் கேமராவும் சாக்கெட்டும்: ஒயர், ஃபியூஸ் வேலையின் முழுப் பதிவு

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவின் கணவர் சென்ற ஆண்டு பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். வேலை நிமித்தமாக விடியற்காலையில் பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக நெடுஞ்சாலையில் போக வேண்டியவர். அவ்வப்போது போளூர் பக்கமிருந்து ஜமுனாமரத்தூர் மலைப்பாதையிலும் ஏற வேண்டியவர். மார்கழி, தை மாதங்களில் அந்தப் பாதைகளில் பனி எப்படி இறங்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆகவே முன்பக்கம் ஒரு ஜோடி பனிவிளக்கு, கண்ணாடியில் ஒரு கேமரா, டிக்கியில் டயருக்குக் காற்றடிக்கும் பம்பைச் செருக ஒரு 12 வோல்ட் சாக்கெட் ஆகிய மூன்றையும் பொருத்தித் தரும்படி என்னிடம் கேட்டார். விளக்கையும் சாக்கெட்டையும் திருகி மாட்டுவது எளிது. அவற்றுக்குப் போகும் ஒயரையும், அந்த ஒயரைக் காக்கும் ஃபியூஸையும் சரியாக அமைப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. இந்தப் பதிவும் அதைப் பற்றியதே.

பானட்டைத் திறந்து பார்த்தபோது, இதற்கு முன் யாரோ செய்த வேலை ஒன்று கண்ணில் பட்டது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்றைச் சுற்றி, எந்த ஃபியூஸும் இல்லாமல் நேராக இரட்டை ஹார்னுக்குக் கொண்டு போயிருந்தார்கள். வழியில் இரண்டு இடங்களில் ஒயரை முறுக்கிச் சேர்த்து, மேலே சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தானாகவே பிரிந்திருந்தது. ரேடியேட்டர் தாங்கியின் கூர்மையான தகட்டு விளிம்பில் ஒயர் உராய்ந்து உராய்ந்து, மேலுறை பாதி தேய்ந்திருந்தது. இன்னும் சில மாதங்கள் அப்படியே விட்டிருந்தால் உள்ளே இருக்கும் செம்பு தகட்டைத் தொட்டிருக்கும்.

அப்படித் தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கார் பேட்டரி 12 வோல்ட்தான். கையால் தொட்டாலும் ஷாக் அடிப்பதில்லை. அதனாலேயே பலரும் அதை அலட்சியமாக நினைக்கிறார்கள். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் அள்ளிக் கொடுக்கும்படி செய்யப்பட்ட பேட்டரி அது. அதன் உள் மின்தடை மிக மிகக் குறைவு. பாசிட்டிவிலிருந்து வரும் ஒயர், பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்திருக்கும் காரின் உடம்பைத் தொட்டுவிட்டால் பல நூறு ஆம்பியர் பாயக்கூடும். மெல்லிய ஒயர் அதைத் தாங்காது. சில நொடிகளில் பழுக்கக் காய்ந்து, உறை எரிந்து, பக்கத்தில் கட்டியிருக்கும் மற்ற ஒயர்களின் உறையையும் உருக்கிவிடும். சாவியை எடுத்துவிட்டாலும் நிற்காது, ஏனென்றால் அந்த ஒயர் சாவியைத் தாண்டி வரவில்லை. நேராகப் பேட்டரியிலிருந்து வருகிறது.

ஃபியூஸ் எதற்கு என்ற கேள்விக்கு, விளக்கு கெடாமல் இருக்க என்றோ கேமரா கெடாமல் இருக்க என்றோ பலர் பதில் சொல்வார்கள். அது சரியன்று. ஃபியூஸ் காப்பது ஒயரை. கருவி கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஒயர் எரிந்தால் வண்டியே எரியலாம். இதை ஏற்றுக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தாமாகவே வந்துசேரும். சுமை எவ்வளவு என்று பார்த்து, அதற்கும் தூரத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ற ஒயரை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்த ஒயர் தாங்கும் அளவுக்குள் ஃபியூஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபியூஸை விளக்கின் அருகில் வைத்தால் பயனில்லை. மின்சாரம் புறப்படும் இடத்தில், அதாவது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள அந்தத் துண்டு மட்டும் எந்தப் பாதுகாப்பும் இல்லாதது. ஆகவே அது எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்கு மேல் கூடுதலாக ஒரு ஸ்லீவும் போட்டுவிட வேண்டும்.

பழைய ஹார்ன் ஒயரை முழுவதும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் புதிய வேலையைத் தொடங்கினேன்.

ஒயரைத் தேர்ந்தெடுத்த விதம்

வேலூர்ப் பக்கத்தில் கத்திரி வெயில் காலத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் சாலையோரம் நின்று, பிறகு ஏசி போட்டு நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டியின் பானட்டுக்குள் சூடு அதைவிட மிகவும் கடுமையாக இருக்கும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை 70 டிகிரி வரைக்குமானது. வாகனங்களுக்கென்று செய்யப்படும் ஒயர்களில் 85 டிகிரி, 105 டிகிரி என்று தாங்கும் அளவைக் குறிப்பிட்டு விற்கிறார்கள். வீட்டில் மிச்சமிருந்த ஒயரைக் காரில் போடுவது இங்கே சர்வசாதாரணம். என்ஜின் அறைக்குள் அதைச் செய்யவே கூடாது. பெட்ரோல், ஆயில் பட்டாலும், ஓயாத அதிர்விலும் அந்த உறை சீக்கிரம் விறைத்து வெடித்துவிடும். நான் 105 டிகிரி ஒயரையே கேட்டு வாங்கினேன்.

கடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் பொருத்துவதற்கென்று பளபளப்பாக, தடிமனாக, விலை மலிவாகக் கிடைக்கும் ஒயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்தவை. அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். வளைத்து வளைத்து அதிரும்போது இழைகளும் எளிதில் ஒடிகின்றன. ஒரே ஓர் இழையை எடுத்துப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம், சிவப்பாகவே இருந்தால் செம்பு. வெள்ளீயப் பூச்சிட்ட நல்ல செம்பு ஒயரும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும். ஆகவே மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாமல் சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

இனிக் கணக்கு. பனிவிளக்கு ஒவ்வொன்றும் 55 வாட் ஹாலோஜன். இரண்டுக்கும் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9.2 ஆம்பியர். ஆனால் என்ஜின் ஓடும்போது ஆல்ட்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிக் கொடுப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். வேலை முடிந்தபின் டி.சி. கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தபோது 9.8 ஆம்பியர் காட்டியது. பேட்டரியிலிருந்து விளக்கு வரை ஒயர் போகும் தூரம் மூன்று மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லி ஓம் தடை உண்டு. 10 ஆம்பியர் மூன்று மீட்டர் போனால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு மீட்டருக்கு ஏழரை மில்லி ஓம்தான். இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சூட்டில் செம்பின் தடையும் ஏறும். 20 டிகிரியில் இருப்பதைவிட 70 டிகிரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். எனவே அளவு கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று 2.5 சதுர மில்லிமீட்டரை எடுத்தேன். கடைகளில் இரண்டரை எம்.எம். என்று கேட்டால் தருவார்கள். ஹாலோஜன் பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பனியில் தெரியவில்லையே என்று அதிக வாட் பல்பைத் தேடுவோர் முதலில் ஒயரைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு லைட்டுக்கு இவ்ளோ மொத்தமான ஒயரா? 100 வாட் பல்பு போட்டுட்டா இன்னும் பளிச்சுன்னு இருக்காதா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். 100 வாட் பல்பு இரண்டு போட்டால் 17 ஆம்பியர் ஆகிறது. ஒயர், ரிலே (சிறிய மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்), ஃபியூஸ் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றினாலும், 55 வாட்டுக்குச் செய்யப்பட்ட பல்பு ஹோல்டரும் பிரதிபலிப்பானும் அந்தச் சூட்டைத் தாங்காமல் உருகும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும். பனியில் ஒளி அதிகமானால் அது பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். பனிவிளக்கைப் பம்பரில் தாழ்வாக வைத்து, ஒளியைச் சாலையை நோக்கிக் கீழே சாய்த்து விடுவதுதான் பயன் தருகிறது. வாட்டைக் கூட்டுவது தருவதில்லை.

ஃபியூஸின் அளவு

9.8 ஆம்பியர் ஓடும் ஒயருக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போதுமே என்று தோன்றும். தொடர்ந்து எரியும் சுமையை ஃபியூஸில் எழுதியிருக்கும் அளவில் முக்கால் பங்குக்குள் வைத்துக்கொள்வது முறை. அதற்கு மேல் போனால் ஃபியூஸே சூடேறி, அதன் கவ்விகள் தளர்ந்து, என்றாவது ஒரு நாள் நடு மலைப்பாதையில் காரணமில்லாமல் அறுந்து நிற்கும். 9.8-ஐ முக்காலால் வகுத்தால் 13. அதற்கு மேலுள்ள அளவு 15. ஆகவே நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ். தகடு வடிவ ஃபியூஸ்களின் நிறங்கள் எல்லா வண்டிகளுக்கும் பொதுவானவை: 3 ஆம்பியர் ஊதா, 5 வெளிர்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை.

இங்கே பலர் அறியாத ஒன்று இருக்கிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் 15 ஆம்பியரைத் தாண்டியவுடன் அறுந்துவிடாது. இந்த வகை ஃபியூஸ்களுக்கான தரவரையறையின்படி, எழுதியிருக்கும் அளவைவிட 35 சதவீதம் அதிகமாக ஓடினால் அது அறுபட 10 நிமிடம் வரைகூட ஆகலாம். இரண்டு மடங்கு ஓடினால் ஐந்து நொடிக்குள் அறுந்துவிட வேண்டும். அதாவது 15 ஆம்பியர் ஃபியூஸின் பின்னால் உள்ள ஒயர், 20 ஆம்பியரைப் பத்து நிமிடம் பானட்டுச் சூட்டில் தாங்கும் ஒயராக இருக்க வேண்டும். பாசிட்டிவ் ஒயர் இரண்டு விளக்குகளுக்காகப் பிரியும் இடத்துக்கு அப்பால் ஒவ்வொரு கிளையிலும் 5 ஆம்பியர்தான் ஓடுகிறது. அதற்கு 1 சதுர மில்லிமீட்டர் போதும் என்று சிலர் மெல்லிய ஒயருக்கு மாறிவிடுவார்கள். ஆனால் அந்தக் கிளையில் கோளாறு வந்தால் அதைக் காக்க இருப்பது அதே 15 ஆம்பியர் ஃபியூஸ்தான். ஆகவே கிளைகளிலும் 2.5 சதுர மில்லிமீட்டரையே கடைசி வரை கொண்டு போனேன்.

ஃபியூஸ் திரும்பத் திரும்ப அறுபட்டால் அடுத்த பெரிய அளவைப் போடுவதும், ஃபியூஸின் மேல் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் இன்னும் நின்றபாடில்லை. ஃபியூஸ் அறுபடுகிறது என்றால் ஒயரிலோ கருவியிலோ எங்கோ கோளாறு இருக்கிறது. அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காட்பாடியில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் சில நுணுக்கங்களைக் கேட்டுக்கொள்வது என் வழக்கம். "ஃபியூஸ் போச்சுன்னா அது வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்பா. அத்த ஏன் திட்றீங்க?" என்பார். "சரிண்ணே, தேடிப் பிடிக்கறது எப்படி?" என்று கேட்டபோது அவர் சொல்லிக்கொடுத்த முறையைப் பின்னால் எழுதுகிறேன்.

ரிலேயும் எர்த்தும்

பத்து ஆம்பியரை டேஷ்போர்டில் உள்ள சிறிய சுவிட்சின் வழியே கொண்டு போவது தவறு. சுவிட்சின் உள்முனைகள் கருகிவிடும், ஒயரும் வீணாக கேபினுக்குள் வந்து திரும்ப வேண்டியிருக்கும். ரிலே அதற்காகத்தான். அதன் அடியில் உள்ள எண்கள் பெரும்பாலான தயாரிப்புகளில் ஒன்றே. ஃபியூஸிலிருந்து வரும் ஒயர் 30-இல் சேரும். விளக்குக்குப் போவது 87-இலிருந்து. 85-உம் 86-உம் உள்ளிருக்கும் சுருளின் இரு முனைகள். சுருள் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவே என்பதால் சுவிட்சுக்கு அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம். சுருளை அணைக்கும்போது எழும் எதிர் மின்னழுத்தம் மற்ற கருவிகளைத் தாக்காதிருக்க, உள்ளேயே டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுவது) வைத்த ரிலேயை வாங்கினேன். அதில் 86-க்குப் பாசிட்டிவும் 85-க்கு எர்த்தும் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த கார் உடம்பின் இணைப்பு) தான் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டயோடு எரிந்துவிடும்.

சுவிட்சுக்கான மின்சாரத்தைக் கேபின் ஃபியூஸ் பெட்டியில் பார்க்கிங் விளக்கின் இடத்திலிருந்து, 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றின் வழியே எடுத்தேன். பார்க்கிங் விளக்கு எரிந்தால்தான் பனிவிளக்கு எரியும். வண்டியைப் பூட்டிவிட்டுப் போகும்போது பனிவிளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்க வழியில்லை. புதிய கார்கள் சிலவற்றில் விளக்குகளைக் கணினிப் பெட்டி துடிப்பு துடிப்பாக மின்சாரம் விட்டு இயக்குகிறது. அவற்றில் விளக்கு ஒயரிலிருந்து நேராக எடுத்தால் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். அத்தகைய வண்டிகளில் வேறு இடத்தைத்தான் தேட வேண்டும்.

எர்த்துக்கு எல்லோரும் கொடுப்பதைவிட அதிக நேரத்தைக் கொடுத்தேன். பெயின்ட்டின் மேல் ஸ்குரூவை முடுக்கினால் அது எர்த் ஆகாது. விளக்குகளுக்கு அருகில் கம்பெனியே எர்த் கொடுத்திருந்த போல்ட்டைக் கண்டுபிடித்து, சுற்றியுள்ள பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தகடு பளிச்சென்று தெரியும்படி செய்து, ஒயர் முனையில் வளைய லக் (வளைய வடிவ உலோக முனை) போட்டு, பல் வாஷருடன் முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். எர்த் ஒயரும் பாசிட்டிவ் ஒயரின் அதே தடிமன்தான். போகும் மின்சாரம் முழுவதும் அதன் வழியேதான் திரும்புகிறது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் 0.04 வோல்ட். கால் வோல்ட், அரை வோல்ட் என்று காட்டினால் எர்த் சரியில்லை என்று பொருள். பேட்டரி நெகட்டிவ் முனையில் சென்சார் வைத்த வண்டிகளில் எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டக் கூடாது. அப்படிச் செய்தால் நம் கருவி இழுக்கும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராமல் போய்விடும்; உடம்பில்தான் கொடுக்க வேண்டும்.

இணைப்புகளை எல்லாம் லக் போட்டு, பல்சக்கரப் பிடியுள்ள கிரிம்ப்பிங் இடுக்கியால் அழுத்தினேன். சாதாரணக் கொறடால் நசுக்கினால் பிடித்ததுபோல் தோன்றும், இழுத்தால் வந்துவிடும். ஈயப்பற்று வைப்பது இன்னும் உறுதியானது என்று பலர் நம்புகிறார்கள். வீட்டு ரேடியோவில் அது உண்மை. அதிரும் வண்டியில், ஈயம் இழைகளுக்குள் ஊறி நிற்கும் எல்லையில் ஒயர் விறைத்து, அங்கேயே ஒடிகிறது. அழுத்திய பிறகு, உள்ளே பசை உள்ள சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடேற்றினால் தண்ணீரும் புகாது. ஓடும் ஒயரின் மேல் கவ்விக் கடித்து இணைப்பெடுக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை நான் பயன்படுத்துவதில்லை. அவை இழைகளை அறுத்துவிடுகின்றன, அறுந்த இடத்தில் மழைக்காலத்தில் பச்சை பூக்கிறது. ஒயர் முழுவதையும் நெளிவுக் குழாய்க்குள் விட்டு, ஏற்கெனவே போகும் ஒயர்க் கற்றையோடு ஒரு கைப்பிடி தூரத்துக்கு ஒன்றாக டை போட்டுக் கட்டினேன். கூர்விளிம்பு, எக்ஸாஸ்ட், விசிறி ஆகிய மூன்றையும் விட்டு விலகியே கொண்டு போனேன். கேபினுக்குள் நுழையும் சுவிட்ச் ஒயரை ஏற்கெனவே இருக்கும் ரப்பர் வளையத்தின் வழியே விட்டேன். தகட்டில் புதுத் துளை போடவில்லை. நுழைவதற்கு முன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

கேமரா

கேமராவுக்கு ஓர் ஆம்பியரும் தேவையில்லை. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சிறிய மாற்றியின் வழியே, 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு எடுத்தேன். ஃபியூஸ் பெட்டியின் ஓர் இடத்தில் செருகி, பழைய ஃபியூஸையும் புதிய ஃபியூஸையும் அடுக்காக வைக்கும் இணைப்பான் கிடைக்கிறது. அதைச் செருகும் திசை முக்கியமானது. ஃபியூஸ் பெட்டியின் இரண்டு பற்களில் எது பேட்டரிப் பக்கம் என்பதை, ஃபியூஸைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் பார்த்து, இணைப்பானின் பொதுக்கால் அந்தப் பக்கம் வரும்படி செருக வேண்டும். திருப்பிச் செருகினாலும் கேமரா வேலை செய்யும். ஆனால் கேமராவுக்குப் போகும் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியே ஓடி, அதன் சுமை கூடிவிடும். இணைப்பானிலும் ஃபியூஸிலும் பல உருவளவுகள் உண்டு. பொருந்தாததைத் திணித்தால் பெட்டியின் கவ்வி விரிந்து, பிறகு எந்த ஃபியூஸும் இறுக்கமாக நிற்காது.

ஏர்பேக், ஏ.பி.எஸ்., என்ஜின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களை நான் தொடவில்லை. யாரும் தொடவே கூடாது. மஞ்சள் உறையும் மஞ்சள் கனெக்டரும் உள்ள ஒயர்கள் ஏர்பேக்குடையவை. பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைக் குத்தி அவற்றைச் சோதிப்பது உயிரோடு விளையாடுவதாகும். முன்தூணின் உள்ளே திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் கேமரா ஒயரை அதன் முன்னால் குறுக்கே விட்டால், ஏர்பேக் விரியும் வேளையில் ஒயர் அதைத் தடுக்கும். தூணின் மூடியைக் கழற்றி, ஏர்பேக்குக்குப் பின்னால் உள்ள கற்றையோடு சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் வசதி அந்தக் கேமராவில் இருந்தது. அதை வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லி, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலேயே இணைத்தேன். நிற்கும் வண்டியில் 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளில் 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு. சித்திரை வெயிலில் பூட்டி நிற்கும் காரின் கண்ணாடியை ஒட்டிக் கேமரா ஓயாமல் ஓடுவதும் அதற்கு நல்லதன்று. லித்தியம் பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் வைத்த கேமராவையே வாங்கச் சொன்னதும் அந்த வெயிலை நினைத்துத்தான். நிறுத்திய பின்னும் கேமரா ஓடியே ஆக வேண்டும் என்பவர்கள், பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் தானாகத் துண்டித்துக்கொள்ளும் இணைப்புப் பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டும், ஓய்வில் 12.2 என்பது பேட்டரி ஏறத்தாழ பாதி காலியான நிலை.

டிக்கி சாக்கெட்

காற்றடிக்கும் பம்ப் 12 ஆம்பியர் இழுக்கிறது. முன்னால் உள்ள லைட்டர் சாக்கெட்டில் செருகினால், பாட்டும் சார்ஜரும் ஓடும் அதே ஃபியூஸில் அதுவும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே பேட்டரியிலிருந்து தனி ஒயர். தூரம் ஐந்து மீட்டர் என்பதால் 4 சதுர மில்லிமீட்டர் போட்டேன், இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நின்றது. பேட்டரியருகே 15 ஆம்பியர் ஃபியூஸ். பம்ப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடுவதில்லை என்பதால் இங்கே முக்கால் பங்கு விதியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டேன். ஒயரைக் கதவுப்படியின் மூடிக்குக் கீழே விட்டேன். சீட் நகரும் தண்டவாளத்தின் அருகில் விட்டால் ஒரு நாள் நசுங்கும். ஹார்னுக்கும் இதே போல ஒரு ரிலேயும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போட்டு முடித்தேன்.

மின்சாரம் கொடுக்கும் முன்

வேலை தொடங்கும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனையைத்தான் முதலில் கழற்றினேன். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடம்பில் பட்டால் நேர் ஷார்ட். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

இனி காட்பாடிக்காரர் சொன்ன முறை. ஃபியூஸைச் செருகாமல், அந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு முனைகளிலும் ஒயர் வைத்து மாட்ட வேண்டும். ஒயரில் எங்கேனும் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 2 ஆம்பியருக்கு மேல் ஓடப் பல்பே விடாது என்பதால் எதுவும் கருகாது. ரிலே அணைந்த நிலையில் பல்பு எரியக் கூடாது. விளக்குகளின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ரிலேயை இயக்கினாலும் எரியக் கூடாது. ஒயரை அங்கங்கே அசைத்துப் பார்க்கும்போது பல்பு மின்னினால் கோளாறு இருக்கும் இடம் அதுதான். ஃபியூஸ் ஒன்றுகூட வீணாகாமல் இடத்தைப் பிடித்துவிடலாம். இரண்டு நிலையிலும் பல்பு எரியவில்லை என்ற பிறகே நீல ஃபியூஸைச் செருகினேன்.

என்ஜினை ஓடவிட்டு, பனிவிளக்கை அரை மணி நேரம் எரியவிட்டு, ஃபியூஸ் ஹோல்டர், ரிலேயின் அடி, எர்த் போல்ட் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த இணைப்பு சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஹோல்டர் லேசான வெதுவெதுப்புடன் இருந்தது. மலிவான ஹோல்டர்கள் முதலில் உருகுவது ஃபியூஸின் கால்கள் நுழையும் இடத்தில்தான். ஒயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கவ்வி தளர்ந்திருந்தால் அங்கே சூடு பிறக்கும். பிறகு வண்டியைப் பூட்டி, வண்டியின் மின்னணுப் பெட்டிகள் எல்லாம் உறங்கும் வரை காத்திருந்து, நெகட்டிவ் ஒயருக்கு நடுவே மல்டிமீட்டரைத் தொடராக வைத்து, நிற்கும் வண்டி இழுக்கும் மின்சாரத்தை அளந்தேன். 22 மில்லி ஆம்பியர். 50-க்குள் இருந்தால் கவலையில்லை.

எந்த ஒயர் எந்த வழியே போகிறது, எந்த ஃபியூஸ் எதற்கு, எத்தனை ஆம்பியர், ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதை ஒரு தாளில் வரைந்து, லேமினேட் செய்து, கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உதிரியாக 2, 3, 15 ஆம்பியர் ஃபியூஸ்கள் ஒவ்வொன்றிலும் இரண்டும், ஒரு ரிலேயும் அதனுடன் இருக்கின்றன. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறையும் கத்திரிக்கு முன் ஒரு முறையும் பானட்டைத் திறந்து, ஹோல்டரின் நிறம் மாறியிருக்கிறதா, எர்த் போல்ட்டில் துரு ஏறியிருக்கிறதா, குழாய் எங்கேனும் உராய்கிறதா என்று மட்டும் பார்க்கும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். முதல் மழைக்குப் பின் பார்த்ததில், இடப்பக்க விளக்கின் கனெக்டருக்குள் ஈரம் தெரிந்தது. அதன் ரப்பர் முத்திரையை மாற்றி, கனெக்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பிக் கட்டிய பிறகு உள்ளே தண்ணீர் வரவில்லை.